வீட்டை விற்கும் முன் பார்க்க வருபவர்களுக்காகத் தயார் செய்வது: வரிசைப்படி ஒரு முழு வழிகாட்டி

தருமபுரி பென்னாகரம் சாலைப் பக்கம் இருந்த எங்கள் பெற்றோர் வீட்டை விற்க முடிவு செய்தபோது, நான் முதலில் கூப்பிட்டது பெயின்டரை. தை மாதம் சுவரெல்லாம் பளிச்சென்று இருந்தது. மே மாதம் இரண்டு கோடை மழை பெய்ததும் கூடத்தின் மூலையில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்புக் கறை இறங்கியது. அதன் நடுவில், பெயின்டுக்கு அடியில் பூசியிருந்த புட்டி பொரிந்து, தொட்டால் மாவாக உதிர்ந்தது. அடுத்த வாரம் வீடு பார்க்க வந்த மூன்று குடும்பங்களும் அந்தக் கறையின் முன்னால்தான் நின்றார்கள். புதுப் பெயின்ட் எங்களுக்கு எதிராகவே சாட்சி சொன்னது. எதையோ மறைக்கத்தான் அடித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு உறவினர் வீடுகள் மூன்றை விற்கும்போது கூடவே இருந்தேன். இரண்டு தருமபுரியில், ஒன்று கிருஷ்ணகிரியில். எல்லோரும் கண்ணுக்குத் தெரிவதில்தான் தொடங்குகிறார்கள். வாங்க வருபவரோ கண்ணுக்குத் தெரியாததைத்தான் தேடுகிறார். அதனால் வேலையின் வரிசை இப்படி இருக்க வேண்டும்: பத்திரம், மொட்டைமாடி, தண்ணீர், சாக்கடை, அதன்பின் சுவர், கடைசியில் சுத்தம்.

இன்னொன்று. தரகர் அழைத்து வரும்போதெல்லாம் கதவைத் திறந்துகொண்டிருந்தால் வீட்டில் இருப்பவர்கள் களைத்துப்போவார்கள். வீடும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கோலத்தில் இருக்கும். பெருநகரங்களில் ஓபன் ஹவுஸ் என்று செய்வதுபோல, ஒரே காலையில் எல்லோரையும் வரச் சொல்லுங்கள். நான் பார்த்தவரை நம் ஊருக்கும் அது நன்றாகவே ஒத்துவருகிறது. மற்றவர்களும் வந்து பார்ப்பதைக் கண்டால் அடிமாட்டு விலைக்குக் கேட்கும் பேச்சும் குறைகிறது.

1. நாளைக் குறித்துவிட்டுப் பின்னோக்கி எண்ணுங்கள்

எட்டு வாரம் வேண்டும். ஒழுகல் எதுவும் இல்லாத வீடு என்றால் நான்கு வாரம் போதும். அவசரப்பட்டால் அடிவாங்குவது சுவர் காயும் காலம்தான். அதைக் குறைக்கவே முடியாது.

ஆடியிலும் மார்கழியிலும் பலர் வீடு பார்க்கவே கிளம்புவதில்லை. அந்த மாதங்களைப் பழுதுபார்க்க வைத்துக்கொண்டு, ஆவணியிலோ தையிலோ திறப்பது நல்லது. வார நாட்களில் வேலைக்குப் போகிறவர்களும் பெங்களூரில் இருந்து வருகிறவர்களும் ஞாயிற்றுக்கிழமைதான் வர முடியும். ஞாயிறு எமகண்டம் பகல் 12 மணிக்குத் தொடங்குகிறது, ராகுகாலம் மாலை 4.30 முதல் 6 வரை. ஆகவே காலை 9 முதல் 12 வரை என்று சொல்லிவிடுங்கள். உங்களுக்கு நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம். வாங்குபவருடைய அம்மாவுக்கு இருக்கும். முடிவு பெரும்பாலும் அவர் கையில்தான் இருக்கிறது.

2. பத்திரக் கோப்பு

சுண்ணாம்பு வாளியைத் தொடுவதற்கு முன் இதை முடியுங்கள். காரணம் எளிது: ஓர் ஆவணத்தைச் சரிசெய்ய எவ்வளவு நாள் ஆகும் என்பது உங்கள் கையில் இல்லை.

கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்கள், குறைந்தது 30 ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம், கட்டட அனுமதி வரைபடம், இந்த ஆண்டுவரை கட்டிய சொத்து வரி ரசீது, குடிநீர் வரி ரசீது, கடைசி மின் கட்டண ரசீது. இவ்வளவும் வேண்டும். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம்.

அதிகம் பேர் இடறும் இடங்கள் மூன்று. முதலாவது, பத்திரம் அப்பா பெயரில் இருக்கும், அவர் காலமாகியிருப்பார், வாரிசுச் சான்று வாங்கியிருக்க மாட்டார்கள். வெளியூரில் கட்டிக்கொடுத்த அக்காவும் தங்கையும் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் என்பது, வாங்குபவரின் வக்கீல் சொல்லித்தான் பல அண்ணன்களுக்குத் தெரியவருகிறது. இரண்டாவது, வங்கிக் கடனை அடைத்திருப்பார்கள்; ஆனால் அடைத்ததற்கான ரசீது ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்திருக்க மாட்டார்கள். வில்லங்கச் சான்றில் அந்த அடமானம் அப்படியே நிற்கும். மூன்றாவது, அசல் பத்திரம் தொலைந்திருக்கும். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, கண்டறிய இயலவில்லை என்ற சான்று வாங்க வேண்டியிருக்கும். இந்த மூன்றுக்கும் வாரக்கணக்கில் ஆகலாம்.

வருபவர்களுக்கு நகலை மட்டும் காட்டுங்கள். அசலை வீட்டிலேயே வைக்காதீர்கள். அன்று அது வங்கிப் பெட்டகத்தில் இருக்கட்டும். நகலின் ஒவ்வொரு பக்கத்திலும் 'பார்வைக்கு மட்டும்' என்று குறுக்கே எழுதிவிடுங்கள்.

மனையின் நான்கு பக்கத்தையும் டேப் பிடித்து அளந்து பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அளவுக்கல் மண்ணில் புதைந்திருந்தால் தோண்டி, கண்ணில் படும்படி வெள்ளையடித்து வையுங்கள். அந்தக் கல்லைப் பார்த்தவர்கள் எல்லைத் தகராறு உண்டா என்று மறுபடி கேட்டதில்லை.

3. மொட்டைமாடி

வீட்டு வேலை மேலிருந்து கீழே வர வேண்டும். தண்ணீர் மேலிருந்துதான் இறங்குகிறது.

முதலில் கூட்டிப் பெருக்கி, மழைநீர்க் குழாய் வாய்களில் அடைத்திருக்கும் இலைதழைகளை எடுங்கள். கைப்பிடிச் சுவரின் இடுக்கில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய வீடுகளில் அநேகமாக இருக்கும். வெட்டிவிட்டால் போதாது, ஒரே மாதத்தில் மீண்டும் துளிர்க்கும். வேரோடு பெயர்த்தெடுத்து, அந்த இடத்தைச் சிமெண்டு வைத்து அடைக்க வேண்டும்.

பிறகு சோதனை. குழாய் வாய்களைத் துணி வைத்து அடைத்து, ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி ஒரு நாள் முழுக்க விடுங்கள். மறுநாள் கீழே போய் ஒவ்வோர் அறையிலும் டார்ச் விளக்கைக் கூரையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நேராக வெளிச்சம் அடித்தால் ஈரம் தெரியாது. கம்பி வெளியே தெரியும் அளவுக்குக் காரை பெயர்ந்த கூரையில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம். பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள்.

தட்டு ஓட்டின் இணைப்புகளில் விரிசல் இருந்தால் அந்த இணைப்பைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூசுவதுதான் தீர்வு. விரிசலின் மேலேயே சிமெண்டுப் பாலை ஊற்றிவிட்டு வந்தால் அடுத்த வெயிலில் அதுவும் சேர்ந்து விரியும்.

4. தண்ணீர்

இந்த இரண்டு மாவட்டங்களிலும் வீட்டின் விலையைத் தீர்மானிப்பது தண்ணீர். வாஸ்து, வண்ணம், மாடுலர் சமையலறை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

என் சித்தப்பா வீட்டைப் பார்க்க வந்த ஒரு பாட்டியை என்னால் மறக்க முடியாது. கூடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராகச் சமையலறைக்குப் போனார். குழாயைத் திறந்து, கையைக் குவித்து ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பார்த்தார். பிறகு கூடையில் கவிழ்த்திருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பி, உள்ளே வெள்ளை வளையம் இருக்கிறதா என்று பார்த்தார். "இது ஒகேனக்கல் தண்ணீரா, போர் தண்ணீரா?" என்றுதான் அவர் முதலில் வாயைத் திறந்து கேட்டார். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இந்தப் பகுதி.

தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு கூடுதல். பற்களில் பழுப்புக் கறை படிவதும் எலும்பு பாதிக்கப்படுவதும் இங்கே எல்லோருக்கும் தெரிந்த துயரம். அதற்காகத்தான் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஆகவே வாங்குபவர் கேட்பதற்கு முன்பே பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

அ) போர் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்து, அறிக்கையைக் கோப்பில் வையுங்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவுப்படி ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது; வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரை. உங்கள் அளவு அதைத் தாண்டினாலும் மறைக்காதீர்கள். குடிக்க ஒகேனக்கல் தண்ணீர், புழங்கப் போர் தண்ணீர் என்று இரண்டு குழாய்களிலும் தெளிவாக எழுதி ஒட்டிவிடுங்கள். காய்ச்சினால் ஃபுளோரைடு போய்விடும் என்று யாரிடமும் சொல்லாதீர்கள், போகாது.

ஆ) ஒரு தாளில் எழுதுங்கள்: போர் போட்ட ஆண்டு, ஆழம், மோட்டாரின் குதிரைத்திறன், சித்திரை வைகாசியில் எவ்வளவு நேரம் தொடர்ந்து ஓடும், 1000 லிட்டர் தொட்டி நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது. கடைசியாகச் சொன்னதைக் கடிகாரம் வைத்து அளந்து எழுதுங்கள். "தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை" என்று பத்து முறை சொல்வதைவிட, "நிரம்ப 22 நிமிடம்" என்று ஒருமுறை சொன்னால் நம்புவார்கள்.

இ) மேல்தொட்டி, தரைத்தொட்டி இரண்டையும் கழுவி, கழுவிய தேதியைத் தொட்டி மீதே எழுதுங்கள். அடியில் படிந்த சேற்றை எடுக்காமல் பிளீச்சிங் பவுடரை மட்டும் தூவுவது வீண்.

ஈ) சொட்டும் குழாய்களுக்கு வாஷர் மாற்றுங்கள். செலவு சில நூறு ரூபாய். சொட்டுகிற குழாய், இத்தனை நாளாக வீட்டைக் கவனிக்காமல் விட்டிருந்ததை வந்தவரிடம் சொல்லிவிடும்.

5. சாக்கடையும் வாடையும்

ஆள் குடியில்லாத வீட்டைத் திறந்ததும் குப்பென்று ஒரு நாற்றம் அடிக்கும். கழிவுநீர்த் தொட்டி நிரம்பிவிட்டது என்று பலர் வண்டியைக் கூப்பிட்டுப் பணம் செலவழிக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் வேறு. குளியலறைத் தரையின் வடிகால் வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்று, கீழிருக்கும் வாயுவை மேலே விடாமல் தடுக்கும். புழக்கம் இல்லாவிட்டால் அந்தத் தண்ணீர் சில வாரங்களில் ஆவியாகிவிடும். ஒவ்வொரு வடிகாலிலும் அரை வாளி தண்ணீர் ஊற்றுங்கள். மேலே ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் சீக்கிரம் வற்றாது.

அப்படியும் நாற்றம் போகவில்லை என்றால் தொட்டியை எடுக்கத்தான் வேண்டும். அதை வண்டி வைத்து, இயந்திரத்தால் மட்டும் செய்யுங்கள். எந்தக் காரணம் கொண்டும் மனிதரைத் தொட்டிக்குள் இறக்காதீர்கள். சட்டப்படி குற்றம், உயிரும் போகும்.

6. இப்போது சுவர்

ஒழுகலை அடைத்த பின் மூன்று நான்கு வாரம் சுவரைச் சும்மா விடுங்கள். காய்ந்துவிட்டதா என்று பார்க்க, ஒரு முழ அகலப் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். மறுநாள் தாளின் உட்பக்கம் முத்துமுத்தாக நீர் கோத்திருந்தால் ஓதம் இன்னும் இருக்கிறது. அதன்மேல் புட்டி வைத்தால் எங்களுக்கு நேர்ந்ததுதான் உங்களுக்கும் நேரும்.

வீடு முழுக்கப் பெயின்ட் அடிக்க வேண்டியதில்லை. வாசல் முகப்பு, கூடம், சமையலறை மூன்றும் போதும். படுக்கையறைகளில் ஆணித் துளைகளை அடைத்தால் சரி. கறை பட்ட இடத்தில் மட்டும் திட்டாகப் பூசாதீர்கள். பழைய வண்ணத்தோடு சேராமல் அது தனியே தெரியும். ஒரு சுவர் என்றால் மூலைக்கு மூலை முழுச் சுவரும் அடிக்க வேண்டும்.

சரிசெய்ய முடியாத குறை இருந்தால் சொல்லிவிடுங்கள். சொத்து மாற்றுச் சட்டம், 1882-இன் 55-ஆவது பிரிவு, விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறைகளை வெளிப்படுத்த வேண்டும் என்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். இந்த ஊரில் நாளை பஸ்ஸில் அதே மனிதரின் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கும்.

7. சாமான்களைக் குறையுங்கள்

காலி இடத்தைத்தான் வாங்குபவர் தன் வீடாக எண்ணிப் பார்ப்பார். நம் சாமான் நிறைந்திருந்தால், அறை பெரிதாகவே இருந்தாலும் அவருக்குச் சிறிதாகத்தான் தெரியும்.

பரணில் தொடங்குங்கள். நம் பக்கத்து வீடுகளில் பரணில் ஒரு வருடப் புளி இருக்கும், கீழே கேழ்வரகு மூட்டை இருக்கும். மூட்டையில் வண்டு விழுந்திருந்தால் அறை முழுக்க அந்த மக்கிய வாடை பரவும். நமக்குப் பழகிவிட்டதால் தெரியாது. வெளியாள் ஒருவரை உள்ளே அழைத்து முகர்ந்து சொல்லச் சொல்லுங்கள்.

ஈசான்ய மூலையில் செருப்பு ஸ்டாண்டு, துடைப்பம், பழைய பேப்பர் இருந்தால் அகற்றுங்கள். திசைகாட்டியோடு வருபவர்கள் முதலில் அங்கேதான் போகிறார்கள்.

கூடத்தில் மாலை போட்ட அப்பாவின் படம். இதைத் தயக்கத்தோடுதான் எழுதுகிறேன். வீடு பார்க்க வந்த சிலர் அந்தப் படத்தின் முன் நின்று, பேச்சைக் குறைத்து, சீக்கிரம் கிளம்பிவிட்டார்கள். அம்மாவிடம் சொன்னபோது, "அவர் கட்டிய வீட்டிலிருந்து அவரையே எடுக்கச் சொல்கிறாயா?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. இரண்டு நாள் கழித்து அவரே படத்தை எடுத்து, புடவைத் தலைப்பால் துடைத்து, பூஜை அறைக்குள் சாமி படங்களுக்குப் பக்கத்தில் வைத்தார். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் அவருக்கு அந்த இரண்டு நாளைக் கொடுங்கள். நீங்களாக ஆணியைப் பிடுங்காதீர்கள்.

8. தேய்த்துக் கழுவுதல்

இது கடைசி வாரத்தில். கொத்தனாரும் பெயின்டரும் போன பிறகு ஒரே முறை.

போர் தண்ணீர் உப்பு படிந்த குழாய்களில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ நனைத்த துணியைச் சுற்றி அரைமணி விட்டால் வெள்ளைப் படிவு இளகிவிடும். ஓடு பதித்த சுவருக்கும் அது போதும். மொசைக் தரையில் மட்டும் ஆசிட் ஊற்றவே ஊற்றாதீர்கள். மொசைக் என்பது சிமெண்டும் பளிங்குச் சில்லுகளும். இரண்டையும் ஆசிட் தின்னும். மெருகு போய்த் தரை சொரசொரவென்று ஆகிவிடும். சோப்பு நீரும் தேங்காய் நார் பிரஷ்ஷும் போதும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே இடத்தில் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.

9. விளக்குகள்

எல்லா பல்பும் எரிய வேண்டும், எல்லா ஸ்விட்சும் வேலை செய்ய வேண்டும். ஒவ்வொன்றையும் போட்டுப் பாருங்கள், வந்தவர்களின் பிள்ளைகள் நிச்சயம் போட்டுப் பார்ப்பார்கள். பராமரிப்புக்காக அன்று மின்தடை இருக்கிறதா என்று முதல் நாளே விசாரித்துவிடுங்கள்.

10. யார் என்ன பேசுவது

இதை முன்கூட்டியே பேசி முடிக்காததால் கைநழுவிய வீடுகள் உண்டு. விலையை ஒருவர்தான் பேச வேண்டும். மற்றவர்கள் "அதை அண்ணனிடம் கேளுங்கள்" என்று மட்டும் சொல்லலாம். மாடியில் மைத்துனர் ஒரு தொகை, கீழே மாமா ஒரு தொகை என்று சொன்னால் குறைந்ததைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

"ஏன் விற்கிறீர்கள்?" என்று எல்லோரும் கேட்பார்கள். உண்மையை ஒரே வரியில், எல்லோரும் ஒரே மாதிரி சொல்லுங்கள். தரகர் மூலம் வருபவர்கள் என்றால் கமிஷன் எவ்வளவு, யார் கொடுப்பது என்பதையும் அவரோடு முதலிலேயே பேசிவிடுங்கள். வாடகைக்குக் குடியிருப்பவர் இருந்தால் அவரிடம் ஒரு வாரம் முன்பே சொல்லி, அவருக்குத் தோதான நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். மனம் கசந்த குடித்தனக்காரர் சொல்லும் ஒரு வார்த்தை போதும், வந்தவர் திரும்பிப் போய்விடுவார்.

11. அன்று காலை

ஆறு மணிக்கே ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். வாசல் தெளித்துக் கோலம் போடுங்கள். முதல் நாள் இரவு கருவாடோ மீனோ வேண்டாம். அதற்காகச் சாம்பிராணியை மண்ட மண்டப் போடுவதும் தவறு. எந்த வாடையை மறைக்கிறார்கள் என்று யோசிக்க வைக்கும்.

நகை, பணம், அடையாள அட்டைகள், சாவிக்கொத்து எல்லாவற்றையும் முதல் நாளே வெளியே அனுப்பிவிடுங்கள். வாசலில் ஒருவர், உள்ளே ஒருவர் இருக்க வேண்டும். வாசலில் இருப்பவர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் நோட்டில் எழுதி வாங்கட்டும். உள்ளே இருப்பவர் கூடவே போகட்டும், ஆனால் நாலடி தள்ளி. கணவனும் மனைவியும் தங்களுக்குள் பேசிக்கொள்ள இடம் விட வேண்டும். ஒவ்வோர் அறையிலும் "இது பெட்ரூம்" என்று சொல்லத் தேவையில்லை.

எல்லோருக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். ஒகேனக்கல் தண்ணீர், துடைத்துப் பளபளக்கும் எவர்சில்வர் டம்ளரில்.

12. அவர்கள் போன பிறகு

கடைசி ஆள் வெளியே போனதும் ஜன்னல் கொக்கிகள், பின்கதவுத் தாழ்ப்பாள், மொட்டைமாடிக் கதவு மூன்றையும் பாருங்கள். யாராவது திறந்து பார்த்துவிட்டு மூட மறந்திருப்பார்கள். குழாய்களும் அப்படியே.

அன்று மாலையே நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் அதிக நேரம் நின்ற இடத்தை எழுதுங்கள். இரண்டு மூன்று பேர் ஒரே இடத்தில் நின்றிருந்தால் அங்கே ஒரு பழுது இருக்கிறது. அடுத்த ஞாயிறுக்குள் அதைச் சரிசெய்யுங்கள்.

மூன்றாம் நாள் நீங்களே ஒருமுறை போன் செய்யலாம், இரண்டாம் முறை வேண்டாம். வேண்டும் என்று ஒருவர் சொல்லி, டோக்கன் அட்வான்ஸாக நோட்டுக் கட்டை நீட்டினால் வாங்காதீர்கள். வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். பணம் வந்த அன்றே, எதற்காக, எந்தத் தேதிக்குள் கிரய ஒப்பந்தம் என்பதை ஒரு தாளில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு ஆளுக்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.